சேகரித்தவர்: ரோஸ்லின்

போலாரம்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள ராஜா,

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரமாகிறது. நான் சுகம். உனக்கு அந்தக் குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாரம் ஒருமுறை ஊருக்குள் வரும்போது போன் செய்கிறாய். ஆனால் போனில் எனக்கு ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு மேல் பேச வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, நீ கொடுத்துவிட்டுப் போன இரண்டு புட்டிகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஏரியின் தண்ணீர். எண்பதுகளில் எடுத்து உங்கள் ஏரி நிலையத்துக் கிடங்கில் கிடந்தது கண்ணாடி மாதிரி இருக்கிறது. போன வருடம் நீ எடுத்தது பால் ஊற்றாத டீ மாதிரி. நீ சொன்னபடி வெயில் படாமல் வைத்திருக்கிறேன், வெளுக்கவில்லை.

நேற்று சபீனா வந்திருந்தாள். என் சிநேகிதி ஜுலைகாவின் மகள், பத்து வயது, உனக்கு நினைவிருக்கும். எது நல்ல தண்ணீர் என்று கேட்டேன். யோசிக்காமல் தெளிந்த புட்டியைத் தொட்டாள். அது அமில மழையில் செத்த ஏரி, மீன்கூடக் கிடையாது, டீ நிறத்தில் இருப்பதுதான் பிழைத்து வருகிற ஏரி என்றேன். “ஆன்ட்டி, யூ ஆர் சீட்டிங். டீ வாட்டர் கைசே அச்சா?” டீத் தண்ணீர் எப்படி நல்லதாகும் என்று என்னையே மடக்கினாள்.

அவளைப் பற்றித்தான் கவலை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. செகந்திராபாத்திலிருந்து ரயிலில் வரும்போது ஸ்டேஷன் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வாளே, நாலு வயதிலேயே சொன்னவள். போன வாரம் மல்காஜ்கிரி, தயானந்த் நகர், சஃபில்குடா என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அடுத்த ஸ்டேஷனும் வந்துவிட்டது. அவளுக்குப் பெயர் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரோஸ்லின்


ஏரி நிலையம், வடக்கு ஒன்டாரியோ
5 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தபால் வண்டியில் பனிக்கட்டியோடு வந்து சேர்ந்தது. முழங்கால் பரவாயில்லை. நீ ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? பொய் சொல்லாதே.

ஏரியில் பனி உடைந்து நாலு நாள்தான் ஆகிறது. நேற்று முதல் படகு விட்டோம். சபீனாவிடம் சொல், அவள் கேட்டது சரியான கேள்வி, இங்கே பெரியவர்களே அதைக் கேட்கிறார்கள். அமிலம் இருந்த காலத்தில் காட்டு மண் தன் மக்கிய இலைச் சாற்றை விடாமல் பிடித்து வைத்திருந்தது. மழை நல்லதாகி, கந்தகம் குறைந்த பிறகு மண் கையைத் தளர்த்துகிறது. அந்தச் சாறு ஏரியில் இறங்கி நிறம் மாறுகிறது. ஓரமாக வீடு வைத்திருப்பவர்கள் எங்களிடம் வந்து, முன்பு நீலமாக அழகாக இருந்ததே, நீங்கள் என்ன செய்து கெடுத்தீர்கள் என்று சண்டை போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று திரும்பவில்லை அக்கா. அத்தனை வருட அமிலம் மண்ணிலிருந்த கால்சியத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. பாறை கரைந்து அது மறுபடி ஊற எத்தனை தலைமுறை ஆகும் என்று தெரியாது. ஓடு கட்டிக்கொள்ளும் சிறு நீர்ப்பூச்சிகளுக்கு ஓடு கட்டச் சத்து இல்லை. அவை இருந்த இடத்தில் வழுவழுவென்று கூழ் போர்த்திய வேறொரு பூச்சி பெருகிக் கிடக்கிறது. பிஎச் எண்ணைப் பார்த்தால் ஏரி குணமாகிவிட்டது. வலையை இழுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

சபீனாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
இருதயராஜ்


போலாரம்
2 ஜூன் 2024

அன்புள்ள ராஜா,

நலம். மாத்திரை போடுகிறேன். வெயில் குறைந்தபாடில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஈயம். குழந்தைக்கு இருக்கவே கூடாத அளவு. பள்ளியில் ஒருநாள் வலிப்பும் வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்தச் சோதனையை எழுதினார். நானும் கூடப் போயிருந்தேன்.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். சுவரில் பழைய பெயின்ட் உண்டா, பொம்மை எது, மசாலா எங்கே வாங்குவது, தண்ணீர் எங்கிருந்து. ஜுலைகா பையைத் திறந்து எங்கள் லேப் கொடுத்த தண்ணீர்ச் சோதனை அறிக்கையை எடுத்து நீட்டினாள். லேமினேட் செய்து ஆறு வருடமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாளே, அதுதான். “எங்க ரோஸ்லினக்காவே டெஸ்ட் பண்ணது டாக்டர். இதோ இவங்கதான்” என்று என்னைக் காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தண்ணீரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

கடைசியில் கண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்றார். சுர்மா மை. ஜுலைகாவின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளி மைச்சிமிழ், சுர்மாதானி. சிலவகைச் சுர்மாவில் ஈயம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதும் அவள் முகம் போன விதத்தை எழுத எனக்கு வரவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஒரே வாக்கியம்தான். “என் கையாலதான் போட்டேன் அக்கா. தூங்கறப்பகூட போட்டுவிட்டேன், கண்ணு பட்டுடக் கூடாதுன்னு.”

மறுநாளே அவள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் வர ஏற்பாடு செய்துவிட்டேன். “கைக்கு அக்கா, எதுக்கு கேனு? உங்க பேப்பர் இருக்கே!” என்றாள். குழந்தைக்கு உடம்பு தேறும்வரை சமைக்கவும் குடிக்கவும் கேன் தண்ணீர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

வேலை சம்பந்தமாக ஒரு சந்தேகம். அமிலமான தண்ணீரில் சுண்ணாம்பு கொட்டினால் எத்தனை நாள் தாங்கும்? சாவகாசமாக எழுது.

உன் அக்கா,
ரோஸ்லின்


ஏரி நிலையம்
26 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாவம் ஜுலைகா. காரணம் தெரிந்துவிட்டதே, அந்த மட்டில் நிம்மதி என்று அவளிடம் சொல்.

சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டாய். இங்கே அந்தக் காலத்தில் படகில் ஏற்றி ஏரிகளில் கொட்டியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் பிஎச் ஏறிவிடும். ஏரியாக இருந்தால் சில வருடம் தாங்கும். பிறகு சுற்றியுள்ள மண்ணிலிருந்து அமிலம் வந்து பழைய நிலைக்கே இறங்கும். கிணறு, போர்வெல் போன்றவற்றில் ஓட்டம் இருப்பதால் சில நாள்தான், அதிகம் போனால் ஒரு வாரம். இன்னொன்று, சுண்ணாம்பு விழுந்ததும் கரைந்திருக்கிற உலோகங்கள் திரிந்து அடியில் படிந்துவிடும். அந்த நேரத்தில் மேலாக ஒரு புட்டி எடுத்தால் தண்ணீர் மாசற்றது என்றே காட்டும். படிந்தது எங்கும் போவதில்லை. அமிலம் திரும்பியதும் அதுவும் கரைந்து திரும்பும். ஏதாவது கம்பெனிக்காரன் உங்களை ஏமாற்றப் பார்க்கிறானா? நீ ஏமாற மாட்டாய், தெரியும்.

இந்த வருடம் இரண்டு மாணவிகள் வந்திருக்கிறார்கள். புட்டியை அப்படியே முக்கி எடுக்கப் போனார்கள். நிறுத்தி, நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறோமோ அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும், எடுத்த கை யாருடையதோ அவர் பெயரைத்தான் சீட்டில் எழுத வேண்டும். யார் சொன்னது என்று கேட்டார்கள். ஹைதராபாத்தில் என் அக்கா என்றேன். சிரித்தார்கள், ஆனால் செய்கிறார்கள்.

சபீனாவின் அடுத்த ரத்தச் சோதனை எப்போது? எழுது.

அன்புடன்,
இருதயராஜ்


போலாரம்
18 ஜூலை 2024

அன்புள்ள ராஜா,

நலம். நல்ல மழை. அல்வால் பக்கம் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். லேபில் வேலை அதிகம்.

சபீனாவுக்கு மருந்து கொடுக்கிறார்கள். ஈயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. குளிருக்கு முன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்.

ரோஸ்லின்


ஏரி நிலையம்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஒரு தந்தி மாதிரி இருந்தது. கீழே ‘உன் அக்கா’ என்றுகூடப் போடவில்லை.

பழைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். சுர்மா பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் சுண்ணாம்பைப் பற்றி ஒரு கேள்வி. சுர்மா என்று டாக்டர் சொன்ன மறுநாள் தண்ணீரை மாற்றியிருக்கிறாய். நான் முட்டாள், கம்பெனிக்காரன் அது இது என்று எழுதினேன்.

அக்கா, அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது?

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? எதுவானாலும் என்னிடம் சொல்.

உன் தம்பி,
ராஜா


போலாரம்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள ராஜா,

நீ கேட்டுவிட்டாய். கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் மழையைப் பற்றியே எழுதியிருப்பேனோ.

2018 மார்ச். ஜுலைகா குடும்பம் வாங்கிய வீடு போலாரத்துக்கு அப்பால் ஒரு புது லேஅவுட்டில். அறுபத்திரண்டு வீடுகளுக்கு ஒரே போர்வெல். வீடுகளை விற்பதற்கு முன் பில்டர் எங்கள் லேபுக்குத் தண்ணீர் அனுப்பினான். அவனுடைய ஆள் ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தான். நாங்கள்தான் போய் எடுக்க வேண்டும் என்றேன். மேனேஜர் பத்மநாபன் சார், “அவ்ளோ தூரம் யாரு மேடம் போறது? அந்தக் கட்டத்துல உங்க பேரைப் போடுங்க, எல்லாரும் போடறதுதானே” என்றார். ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதற்கு முன்பும் இரண்டொரு முறை எழுதியிருக்கிறேன்.

பிஎச் 7.2. தெளிந்த தண்ணீர். பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. நான் பார்த்தேன் ராஜா. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். குழாய் உப்பாக இருக்கும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். உலோகச் சோதனையை அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடிக்க உகந்தது என்று கையெழுத்துப் போட்டேன்.

குடி போன புதிதில் ஜுலைகா ஃபில்டர் மெஷின் வாங்கக் கிளம்பினாள். “நீங்களே போயி எடுத்தீங்களா அக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியானால் மெஷின் நக்கோ என்று கடை வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள்.

இந்த மே மாதம் ரத்தத்தில் ஈயம் என்று கேட்ட மறுநாள் விடியற்காலை அந்த லேஅவுட்டின் கடைசிவரை நடந்தேன். காம்பவுண்டுக்குப் பின்னால் மண்ணில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள். பழைய வாட்ச்மேன் சொன்னார், முன்பு அங்கே பேட்டரி உடைக்கும் கொட்டகை இருந்ததாம், அமிலத்தை அப்படியே தரையில் ஊற்றுவார்களாம். உங்கள் மழையில் இருந்த அதே கந்தக அமிலம். டெஸ்டுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் போருக்குள் இரண்டு மூட்டை ‘சுன்னம்’, அதாவது சுண்ணாம்பு, கொட்டியதும் அவருக்கு நினைவிருக்கிறது.

ஜூலையில் ஜுலைகா வீட்டுக் குழாயில் நானே தண்ணீர் பிடித்தேன். மூன்று முறை அலசித்தான் பிடித்தேன். பிஎச் 5.2. ஈயம், குடிநீரில் இவ்வளவுவரை இருக்கலாம் என்று சொல்லும் அளவைப்போலப் பதினோரு மடங்கு. சபீனா நாலு வயதிலிருந்து அதைக் குடித்திருக்கிறாள். அந்தப் புட்டியும் இப்போது உன் இரண்டு புட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றில் அதுதான் பார்க்க அழகாக இருக்கிறது.

சுர்மாதானியை ஜுலைகா குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். சபீனாவைத் தொடத் தன் கையையே நம்ப மாட்டேன் என்கிறாள், தலை வாரிக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அனுப்புகிறாள். கேன் தண்ணீரால் ரத்தத்தில் ஈயம் இறங்க இறங்க, சுர்மாதான் காரணம் என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே போகிறது. “பார்த்தீங்களா அக்கா, நிறுத்தினதும் குறையுது” என்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

இப்படிப்பட்டவள்தான் உன் அக்கா.

ரோஸ்லின்


ஏரி நிலையம்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என்னால் உடனே அங்கே வர முடிந்தால் நன்றாக இருக்கும். முடியாது என்பதால் எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இங்கே வந்த முதல் குளிர்காலம், ஜனவரியில் ஒரு ஏரிக்குப் போகும் வழியில் பயந்து திரும்பிவிட்டேன். பனி மெல்லிசாக இருந்தது. வெறுங்கையோடு வந்தால் வேலை போய்விடும் என்று, முந்தைய மாதத்து எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொடுத்தேன். அந்தப் புள்ளி இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கோட்டைக் காட்டி நானே விளக்கம் சொல்கிறேன். மூன்று முறை அலசு என்று மாணவிகளிடம் சொன்னவனும் நான்தான்.

எல்லோரும் எங்காவது ஒரு இடத்தில் பெயரை எழுதிவிடுகிறோம் அக்கா. நீ கெட்டவள் இல்லை.

குழந்தை இப்போது நல்ல தண்ணீர் குடிக்கிறாள். எண் இறங்குகிறது. மற்ற வீடுகளுக்காகப் பெயர் போடாமல் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுது, வந்து பார்த்து போரை மூடட்டும். ஜுலைகாவிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவளுக்கு உன்னைவிட்டால் யார், உனக்கு அவளைவிட்டால் யார்? வேலை போகும், வழக்கு வரும், நாற்பத்தாறு வயதில் தனியாக எங்கே போய் நிற்பாய்? கொஞ்சம் பொறு. டிசம்பரில் வருகிறேன், சேர்ந்து யோசிப்போம்.

உன் தம்பி,
ராஜா


போலாரம்
26 அக்டோபர் 2024

அன்புள்ள ராஜா,

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்தால் நீ பயப்படுவாய். நான் நலம். சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. எனக்காக நீ அதை எழுதினாய், தெரியும். ஆனால் ராஜா, உன் ஏரியில் அந்த எண்ணை யாரும் குடிக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எண் நன்றாக இறங்கிவிட்டது, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். ஜுலைகா அங்கேயே அழுதுவிட்டாள். செகந்திராபாத்தில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தாள், ரயிலில் வந்தோம். சபீனா ஜன்னலோரம். ஜுலைகா சந்தோஷத்தில், “சொல்லு பேட்டா, ஸ்டேஷன் சொல்லு, ஆன்ட்டி கேக்கட்டும்” என்றாள்.

மல்காஜ்கிரி. தயானந்த் நகர். சஃபில்குடா.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். சபீனா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, பலகை தெரிந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ராம... கிருஷ்ணா... புரம்.” ஞாபகத்தில் இல்லாததை இப்படிப் பார்த்துப் படித்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஜுலைகா கை தட்டினாள். அடுத்தது அம்முகுடா. அதையும் பலகை வரும்வரை காத்திருந்து படித்தாள்.

நீ எழுதியிருந்தாயே, எண்ணில் குணமாகிவிட்டது, வலையை இழுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்று.

வீட்டுக்குப் போனதும் சபீனா தூங்கிவிட்டாள். ஜுலைகா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை நீட்டினாள். பாதியில் மடக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றுமே இல்லை ராஜா. ஐந்து மாதமாக அந்தக் கையை அவள் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என் கையை அல்லவா துடைக்க வேண்டும்? பக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவில் அறிக்கை பழையபடி ஒட்டியிருந்தது. தினமும் அதைத் துடைப்பாள் போலிருக்கிறது, ஒரு தூசி இல்லை.

மற்ற அறுபத்தொரு வீட்டிலும் இந்த ஐந்து மாதமும் அந்தக் குழாய் திறந்தபடிதான் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்று நான் ஓட்டிய ஒவ்வொரு நாளும் அங்கே யாரோ குடித்திருக்கிறார்கள். டிசம்பர் வரை பொறு என்கிறாய். அறுபத்தொரு வீட்டுக்கு இன்னும் ஒரு டிசம்பரா?

நாளை ஞாயிறு. பூசைக்குப் போகப் போவதில்லை. காலையில் மூன்றாவது புட்டியையும், லேப் ரிஜிஸ்டரில் என் கையெழுத்துள்ள பக்கத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு ஜுலைகா வீட்டுக்குப் போகிறேன். முதலில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தத் தாளை என் கையால் எடுப்பேன். பிறகு அவளை உட்காரச் சொல்லி, நான் போய் எடுக்கவில்லை ஜுலைகா என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். அவள் வெளியே போ என்றால் போவேன். போகும் வழியில் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்வேன். திங்கட்கிழமை அதிகாரிகளிடம், பெயர் போட்டு. டாக்டரிடமும்.

அவள் மன்னிப்பாள் என்று நான் போகவில்லை. மன்னிக்க மாட்டாள். மன்னிக்காதவளாக, இரண்டு கையாலும் தன் மகளுக்குத் தலை வாரிவிடட்டும்.

நாளை போகப் போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும்தான். உறையை ஒட்டி, முகவரி எழுதி, அலமாரியில் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். அங்கே போய்வந்த பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். ஜுலைகாவுக்கு முன்னால் இந்த முடிவு உனக்குத் தெரியக் கூடாது.

உன் அக்கா,
ரோஸ்லின்